சூரிய மல்: கிரேப் தாளில் ஒரு பூவரசம்பூ

போரில் இறந்தவர்கள் நினைவாகச் சட்டையில் குத்தும் காகிதப் பூவான பாப்பி செய்வது சுலபம். சிவப்புத் தாளில் இரண்டு இதழ், நடுவில் கறுப்புப் பொத்தான், ஒரு பச்சைக் கம்பி. டீ ஆறுவதற்குள் சட்டையில் குத்திக்கொள்ளலாம். பூவரசம்பூதான் உயிரை எடுக்கிறது. போன பதிவில் பாப்பியைக் காட்டி, அதன் எதிரிப் பூவையும் செய்து இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தேன். முக்கால்வாசி வேலை முடிந்தது.

எதிரிப் பூ என்று சும்மா சொல்லவில்லை. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று, ஆங்கிலேயர் கால இலங்கையில் பாப்பி விற்றுக் காசு சேர்ப்பார்கள். அந்தக் காசு பிரிட்டிஷ் முன்னாள் சிப்பாய்களுக்குப் போனது. அதே போருக்குப் போய்த் திரும்பிய உள்ளூர்க்காரர்களைக் கேட்பாரில்லை. அவர்களில் ஒருவரான ஏலியன் பெரேரா கடுப்பாகி, அதே நாளில் சூரிய மல்லை, அதாவது சிங்களத்தில் நம் பூவரசம்பூவை, போட்டிக்கு விற்க ஆரம்பித்தார். போர் எதிர்ப்பு என்றாலே சித்தாந்தம் பேசுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இங்கே முதலில் முரண்டு பிடித்தவர் போருக்குப் போய் வந்தவர். உண்டியல் யார் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் அவர் கேள்வி.

இனி இதழ். எலுமிச்சை மஞ்சள் கிரேப் தாளை, சுருக்கம் நெடுக்காக ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் இதழ் குழியாது. ஐந்து இதழ், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏற வேண்டும். பூவரசம்பூ செம்பருத்தி மாதிரி மலர்ந்து விரியாது, மணி போலக் குவிந்தே இருக்கும். அதனால் அடியில் பசை, மேலே கட்டைவிரலால் ஒரு அழுத்து. உள்ளே அடியிலுள்ள கருஞ்சிவப்புக்கு வாட்டர்கலர் வேண்டாம், ஈரம் பட்டால் தாளின் சாயம் கசியும். பேஸ்டல் சாக்கைத் தூளாக்கிப் பஞ்சுக் குச்சியால் ஒற்றினால் அசல் பூதான். மகரந்தத் தண்டு, கம்பியில் சுற்றிய மஞ்சள் நூல். சாயங்காலம் பூ சிவந்துவிடும் என்பது தெரிந்ததே, நான் காலைப் பூவையே செய்தேன்.

1933இல் தெற்குக் கொழும்பு வாலிபர் சங்கத்து இளைஞர்கள் இந்தப் பூவைக் கையிலெடுத்து, ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாக்கினார்கள். அதன் முதல் தலைவி டொரீன் யங், ஆனந்த பாலிகா பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை, ஆங்கிலேயப் பெண். பூ வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வசூலும் சொற்பம். ஆனால் அங்கே கூடியவர்களில் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள்.

1939இல் அடுத்த உலகப் போர் வந்தபோது அந்தக் கட்சிக்காரர்கள் வாதம் எளிது. இது காலனிகளைப் பங்குபோடுகிற சண்டை. எங்களைக் கேட்காமலே எங்களையும் இழுத்துவிட்டார்கள். விடுதலை தராதவன் விடுதலைக்காகச் சண்டை போடுகிறேன் என்றால் எப்படி நம்புவது? 1940 ஜனவரியில் முல்லோயா தேயிலைத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். ஜூனில் கட்சித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், கொல்வின் ஆர். டி சில்வாவும் தப்பவில்லை. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து நால்வரும் கண்டிச் சிறையிலிருந்து வெளியேறினார்கள், காவலர் சொலமனையும் கூட்டிக்கொண்டு! பிறகு பலர் இந்தியாவுக்குத் தப்பி ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கினார்கள்.

ஹிட்லரைத் தோற்கடிப்பதுதானே முதல் வேலை என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. அந்தக் கேள்வி தோழர்களையே பிரித்தது. சோவியத் ஆதரவாளர்களைக் கட்சி முன்பே வெளியேற்றியிருந்தது. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கியதும் அவர்கள் ‘மக்கள் யுத்தம்’ என்று போரை ஆதரித்தார்கள். டொரீனின் கணவர் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க அந்தப் பக்கம்தான்.

இலை பாக்கி. நரம்பைக் காய்ந்த பேனா முனையால் கீறிப் பார்த்தேன், தாள் கிழிகிறது. தடித்த காகிதத்துக்கு மாறப்போகிறேன். சட்டகத்தின் அடியில் தலைவர்கள் யார் பெயரும் வேண்டாம், ஏலியன் பெரேராவின் பெயர் போதும்.