மைனரின் லைற் குமிழ்

பெப்ரவரி 11, 2024, ஞாயிறு

நேற்றிரவு ஒலுமடுவிலிருந்து திரும்பும்போது எங்கள் மொறிஸ் மைனர் காரின் லைற் குமிழ், லைற் போட இழுக்கும் சுவிச்சின் பிடி, கழன்று கையோடு வந்துவிட்டது. அறுவடைக் காலம். ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டு, இரவுப் பனிக்குப் படங்கால் மூடி, ஓரமெல்லாம் கல் வைத்திருந்தார்கள். சின்ன லைற்றில் அந்தக் கற்கள் தெரியாது. பெரிய லைற்றுக்காக இரண்டாவது இழுப்பு இழுத்தேன். மூடி என் கையில், கம்பி டாஷ்போர்டில். காரை நிறுத்தி, குறட்டால் கம்பியைப் பிடித்து இழுத்த பிறகுதான் வீடு வர முடிந்தது.

மூடி என்றது உண்மையிலேயே மூடிதான். 2011இல் அப்பா அரல்டைட் பிசின் வைத்து ஒட்டிய மருந்துப் போத்தல் மூடி. பதின்மூன்று வருசம் இழுபட்டுக் கிடந்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அப்பா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் இறங்கும்போது மட்டும் சொன்னார்: "மற்றதெல்லாம் எப்பிடியும் கிடக்கட்டும் பிள்ளை. லைற்றுக் குமிழ் சரியா இருக்கோணும்."

மார்ச் 8 சிவராத்திரி. அன்றிரவு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு இந்தக் காரில்தான் போவோம். அதற்குள் முடிக்க வேண்டும்.

பெப்ரவரி 12, திங்கள்

காரைப் பற்றிக் கொஞ்சம். மொறிஸ் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். மைனர் என்ற கார் 1948இல் வந்தது, வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைச் செய்ததும் அவர்தான். அப்பா இதை 1978இல் வாங்கி மாங்குளம் சந்தியில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினார். எங்கள் மூன்று பேரின் படிப்பும் இந்தக் காரிலிருந்து வந்தது.

போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகை மணம் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளில்கூட இருந்தது. 2008இல் போரால் இடம்பெயர்ந்து நாங்கள் வெளிக்கிட்டபோது பின் அச்சு உடைந்து கிடந்ததால் புளியமரத்தடியில் விட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது கூடு மட்டும் நின்றது. ரயர் இல்லை, சீற் இல்லை, பற்றரி இல்லை, வயரெல்லாம் அறுத்து எடுத்திருந்தார்கள். குமிழ்களில் சோக்கினுடையது (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ண இழுப்பது) மட்டும் மிஞ்சியிருந்தது. அதிலிருந்து இதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர அப்பாவுக்கு மூன்று வருசம் எடுத்தது.

பெப்ரவரி 17, சனி

இன்றைக்கு சுவிச்சைக் கழற்றிப் பார்த்தேன். பக்கத்துச் சைக்கிள் கடைத் தம்பி உதவிக்கு வந்தான். வந்ததும் பற்றரியின் மைனஸ் முனைக்கு ஸ்பனரைக் கொண்டுபோனான். அப்பா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார்: "டேய் தம்பி, இதுக்குப் பிளஸ்தான் ஏர்த்து!"

இந்தக் காலத்து வண்டிகளில் மைனஸ் முனை காரின் தகட்டு உடம்போடு சேர்ந்திருக்கும், அதைத்தான் ஏர்த்து என்பது. மைனரில் பிளஸ். பழைய இங்கிலாந்துக் கார்கள் பல அப்படித்தான். மைனஸைக் கழற்றும்போது ஸ்பனர் தகட்டில் முட்டினால் அந்த இடத்திலேயே பொறி பறக்கும். முதலில் பிளஸைக் கழற்றிவிட்டால் பயமில்லை. தம்பிக்கு இதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தேன். நாளைக்கு வேறொரு பழைய காரில் அவன் கை வைக்கலாம்.

மைனரில் நடுவில் ஒரே ஒரு பெரிய வேகமானி. அதற்குக் கீழே குமிழ்கள். டாஷ்போர்டுத் தட்டின் அடியில் தலையை விட்டு ரோச் அடித்துப் பார்த்தால் சுவிச்சின் முதுகு தெரிகிறது. வயர் முழுவதும் புதிசுதான், ஆனால் சுவிச்சின் முனைகளில் பழைய வயரின் அரை அங்குலத் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. 2010க்கு முன் அறுத்தவர்கள் விட்டுவைத்த மிச்சம். துணி சுற்றிய வயர். பிறவுண் நிறம் பற்றரியிலிருந்து வருவது, சிவப்பு சின்ன லைற்றுக்கு, நீலம் பெரிய லைற்றுக்கு. காரின் மின்சாதனங்களைச் செய்த லூக்காஸ் கொம்பனியின் நிறக்கணக்கு. அப்பா புது வயரை எல்லாம் ஒரே கறுப்பில் போட்டிருந்தாலும் இந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் சரியாக இணைத்திருக்கிறார்.

சுவிச்சின் கம்பியை அரல்டைட் சுரண்டித் துப்புரவாக்கினேன். கனநேரம் எடுத்தது. பிசினுக்கு அடியில் கம்பியின் பக்கவாட்டில் ஒரு சின்ன முளை, நெருப்புக்குச்சித் தலையைவிடச் சிறிசு. நகத்தால் அமத்தினேன், உள்ளே போனது. விட்டேன், 'டிக்' என்று வெளியே வந்தது. அடியில் ஒரு ஸ்பிரிங். அறுபத்தைந்து வருசம், அதில் பதின்மூன்று வருசம் பிசினுக்குள். இன்னும் வேலை செய்கிறது!

குமிழைப் பிடித்து வைப்பது இந்த முளைதான். குமிழின் கழுத்தில் ஒரு பொட்டுத் துளை இருக்கும், குமிழைச் செருகினால் முளை அதற்குள் வந்து பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமென்றால் மெல்லிய ஆணியால் துளைக்குள் குத்தி முளையை அமத்திக்கொண்டு இழுக்க வேண்டும். இது தெரியாதவர் குறட்டால் பிடித்து முறுக்குவார், பேக்கலைற் என்ற பழைய காலத்துப் பிளாஸ்ரிக் குமிழ் வெடித்துப்போகும்.

இன்றைக்கே ஒரு முடிவெடுத்துவிட்டேன். இனி இந்தக் கம்பிக்குப் பிசின் வைப்பதில்லை. தடைக்காலத்திலும் அதற்குப் பிறகும் ஒட்டியும் கட்டியும்தான் எல்லாவற்றையும் ஓட்டினோம், அதற்கு வேறு வழியிருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது. புதுக் குமிழ் அதன் முளையில் பூட்ட வேண்டும், எனக்குப் பிறகு திறப்பவர் ஓர் ஆணியால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெப்ரவரி 19, திங்கள்

கொழும்பில் இருக்கும் என் தம்பியின் மகன் பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடினான். பழைய உதிரிப்பாகத்துக்கு இலங்கையில் அதைவிட்டால் வேறு இடமில்லை. ஒரு குமிழ் வாங்கி பஸ்ஸில் அனுப்பியிருந்தான். பார்க்க வடிவாக இருக்கிறது, ஆனால் ஜப்பான் காரினுடையது. உள்ளே மரை வெட்டியிருக்கிறது, அளவும் மில்லிமீற்றர். எங்கள் கம்பி அங்குலக் கணக்கு, மரையும் இல்லை. இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம், மைனருக்கு அங்கே இன்னும் பல பாகங்களைப் புதிதாகச் செய்கிறார்கள். சிவராத்திரிக்குள் வந்து சேராது.

பெப்ரவரி 21, புதன்

அப்பாச்சியின் உலக்கை!

அடுப்படிப் பின்பக்கம் அடி வெடித்த கருங்காலி உலக்கை ஒன்று வருசக்கணக்காகச் சாத்தியிருக்கிறது. வெடித்ததை இடிக்கவும் முடியாது, எறியவும் மனமில்லை. இன்றைக்கு விறகு எடுக்கப் போனபோது கையில் பட்டது. கருங்காலியின் வைரம், அதன் நடு மரம், பேக்கலைற்றைப் போலவே கறுப்பு. இப்போது காட்டில் கருங்காலி தறிக்கவும் கூடாது, தறிக்கத் தேவையும் இல்லை, எங்களுக்கு வேண்டியது பெருவிரல் அளவு துண்டு.

அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சநேரம் உலக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். "மேல் பக்கமா வெட்டு. கை பிடிச்ச இடம்" என்றார்.

பெப்ரவரி 24, சனி

தச்சு வேலை செய்யும் ஓடாவியாரிடம் போனேன். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், கடைசலில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கட்டில் கால் கடையும் இயந்திரத்தில் இவ்வளவு சின்னத் துண்டைப் பிடிக்க முடியாது. அதனால் முதலில் ஒரு வேப்பங்கட்டையில் குழி எடுத்து, அதற்குள் கருங்காலியை இறுக்கிப் பிடித்துக் கடைந்தார். சோக் குமிழை மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன். கருங்காலித் தூள் பறக்கும் மணம் ஒருவித இனிப்பு. அவர் இருமிக்கொண்டே, "டீச்சர், தள்ளி நில்லுங்கோ, இந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது" என்றார்.

துளைப்பதுதான் கஷ்டம். காய்ந்த கருங்காலி ஒரே தரத்தில் பெரிய துளை போட்டால் பிளந்துவிடும். முதல் துண்டு அப்படித்தான் போனது. இரண்டாவதற்கு மெல்லிய அலகில் தொடங்கி, மூன்று அலகு மாற்றி, இடையிடையே ஆறவிட்டுத் துளைத்தார்.

மரத்தை நேரே கம்பியில் போட்டால் முளை மரத்தைத் தின்றுவிடும். அதனால் உள்ளே ஒரு பித்தளைப் புஷ், சின்னக் குழல், வேண்டும். கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் கம்பி அளவுக்குக் கடைந்து, கழுத்தில் முளைக்கான துளையும் போட்டுத் தந்தார்கள். புஷ்ஷுக்கும் மரத்துக்கும் இடையில் அரல்டைட் வைத்தேன். அது குமிழின் உள் விஷயம், சுவிச்சோடு சம்பந்தமில்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

பூட்டினேன். 'டிக்'.

அப்பாவைச் சீற்றில் இருத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு கையை நீட்டினார், கை நேரே குமிழில் போய் நின்றது. இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார்.

"வழுக்குது பிள்ளை."

எனக்கு வழுக்கவில்லை. காய்ந்த கைக்கு வழுக்காது என்றார் அவர், வேர்த்த கைக்கு வழுக்கும்.

அப்புறம்தான் சொன்னார். போர் நாட்களில் இரவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும்போது மேலே கிபிர் குண்டுவீச்சு விமானச் சத்தமோ ஹெலிச் சத்தமோ கேட்டால் முதல் வேலை இந்தக் குமிழை உள்ளே தள்ளுவதுதான். பிறேக்கில்கூடக் கால் பிறகுதான் போகும். ரோடு முழுக்க இருட்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, சத்தம் போன பிறகு திரும்ப இழுப்பார். ஒரே இரவில் ஐந்தாறு தரம். அதுவும் பின் சீற்றில் பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு. கை வேர்த்துத்தான் இருக்கும்.

நான் பின் சீற்றில் இருந்து பார்த்திருக்கிறேன். லைற் அணைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அப்பாவின் கையை நான் கவனிக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

ஓடாவியாரிடம் திரும்பப் போய், குமிழின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வரி போடுவித்தேன், நாணய விளிம்பில் இருப்பதுபோல. நூற்றுக்கணக்கான சின்ன வெட்டு, ஒவ்வொன்றையும் அரத்தின் மூலையால் கையாலேயே போட்டார். காசு வாங்க மாட்டேன் என்று நின்றார். அவருடைய மூத்த மகளை 1996இல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தக் கார்தானாம். நான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முகப்பில் கவராயத்தின் முனையால் லைற்றுக்கான 'எல்' எழுத்தைக் கீறி, டிப்பெக்ஸ் என்ற எழுத்தழிக்கும் வெள்ளை மையை நிரப்பித் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் இரண்டு தரம் பூசினேன்.

மார்ச் 5, செவ்வாய்

சுவிச்சின் தொடுமுனைகளையும் துப்புரவாக்கிவிட்டேன். மைனரில் பெரிய லைற்றின் முழு மின்னும் இந்தச் சுவிச் வழியாகத்தான் போகிறது. இடையில் அந்தச் சுமையைத் தாங்கும் றிலே என்ற துணைச் சுவிச் கிடையாது. பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன்: 45 வாட் பல்ப் இரண்டு, பற்றரி 12 வோல்ட், எத்தனை அம்பியர்? ஏழரை. அவ்வளவும் ஊத்தை பிடித்த முனை வழியே போனால் சுவிச் சூடாகும், லைற் மங்கும். குமிழை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் பாதி வேலைதான்.

மார்ச் 9, சனி

நேற்றிரவு போனோம். ஏ34 வீதியில் சிவராத்திரிக்கு எப்போதும் நல்ல இருட்டு, அடுத்த நாட்களில் அமாவாசை. நான்தான் ஓட்டினேன், அப்பா இடது பக்கம். குமிழ் நடுவில் இருப்பதால் அவருக்கும் எட்டும். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு. இரண்டும் இறுக்கமாக, சத்தமில்லாமல் வந்தன. வரிகள் விரலில் நன்றாகப் பிடிக்கின்றன. இடையில் மூன்று இடத்தில் மாடுகள் ரோட்டில் படுத்திருந்தன, தூரத்திலேயே கண் மினுங்கியது.

பாதி வழியில் வீடு வாசல் இல்லாத ஓரிடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார். எஞ்சினை நிறுத்தினேன். அவர் கையை நீட்டிக் குமிழை உள்ளே தள்ளினார். தவளைச் சத்தமும் எஞ்சின் சூடு ஆறும் சத்தமும் மட்டும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று பார்க்கவில்லை. பிறகு அவரே இழுத்தார்.

"சரி. போவம்."

கோயிலுக்குப் போனபோது இரண்டாம் சாமப் பூசை நடந்துகொண்டிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

ஆணியால் முளையை அமத்திக் குமிழைக் கழற்றிப் பார்த்தேன். மரத்தில் வெடிப்பு இல்லை. புஷ் அசையவில்லை. கழுத்துத் துளையில் மட்டும் எண்ணெய் தேங்கியிருந்தது, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். ஓடாவியாரிடம் இன்னும் மூன்று விரற்கடை கருங்காலி மிச்சம் இருக்கிறது. அடுத்தது வைப்பர் குமிழ்.