கல்லறையில் நாடகமா?

மார்ச் 3

நாஜிகள் அடைத்துவைத்த இடங்களில் யூதர்கள் போட்ட நாடகம் எதிர்ப்பாகுமா என்று பார்க்க, வில்னா கெட்டோ (லித்துவேனியாவின் வில்னியஸில் யூதர்களை அடைத்துவைத்த பகுதி) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே முதல் மேடை நிகழ்ச்சி 1942 ஜனவரி 18 அன்று. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில்தான் ஊரில் இருந்த யூதர்களில் பெரும்பாலோரைப் பொனாரி காட்டில் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். 'கல்லறையில் நாடகம் போடுவதில்லை' என்று சோசலிஸ்டுகள் கெட்டோவுக்குள் ஒட்டிவிட்டார்கள். நானாக இருந்தாலும் ஒட்டியிருப்பேன். ஆனால் கடுமையாக எதிர்த்த நூலகர் ஹெர்மன் க்ருக்கே போகப்போகத் தணிந்துவிட்டார்.

மார்ச் 6

இன்று செக் மண்ணில் நாஜிகள் வைத்திருந்த தெரெசின் முகாம். இசையமைப்பாளர் ஹான்ஸ் க்ராசாவின் சிறுவர் இசை நாடகம் 'ப்ருன்டிபார்' அங்கே 1943 செப்டம்பர் 23 தொடங்கி 55 முறை மேடையேறியது. நடித்ததெல்லாம் சிறுவர்கள். நோயாளி அம்மாவுக்குப் பால் வாங்கக் காசில்லாத அண்ணனும் தங்கையும் சந்தையில் பாடுகிறார்கள். மீசை வைத்த இசைப்பெட்டிக்காரன் ப்ருன்டிபார் அவர்களை விரட்டுகிறான். குருவி, பூனை, நாய் எல்லாம் சேர்ந்து அவனைத் தோற்கடிக்கின்றன. அந்த மீசைக்காரன் ஹிட்லர்தான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாதா என்ன!

பூனையாக நடித்த எலா வைஸ்பெர்கர் பிற்பாடு சொன்னது: மேடையில் இருக்கும் நேரம் மட்டும், யூதர் என்று காட்டச் சட்டையில் அணிய வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றிவைக்கலாம். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் போகும்போதெல்லாம் குழுவில் ஆள் குறையும்; வேறு பிள்ளை வந்து பாட்டைக் கற்றுக்கொள்ளும்.

மார்ச் 7

இதே நாடகத்தைத்தான் 1944 ஜூன் 23 அன்று முகாமைப் பார்வையிட வந்த செஞ்சிலுவைச் சங்கத்தாருக்கு, இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பவைக்க நாஜிகள் காட்டினார்கள். முகாமில் நெரிசல் தெரியக் கூடாதென்று மே மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியாகிவிட்டது. சிறைக்காரனே காட்சிக்கு வைக்கிற நாடகம் எப்படி எதிர்ப்பாகும்? எனக்குத் தோன்றுவது, விருந்தாளிக்கு முன்னால் நடந்தது அவர்கள் கணக்கு; மற்ற நாட்களில் சொந்த ஜனத்துக்காக நடந்தது பிள்ளைகள் கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

மார்ச் 11

அப்புறம் அதே தெரெசினில் இருந்த காரெல் ஷ்வெங்க். மனிதர் கோமாளி, பாட்டும் எழுதுவார். அவருடைய 'கடைசி சைக்கிள்காரன்' நாடகத்தில் மனநோய் விடுதியிலிருந்து தப்பியவர்கள் ஆட்சியைப் பிடித்து, நாட்டின் எல்லாக் கேட்டுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களே காரணம் என்று அறிவிக்கிறார்கள். தாத்தா சைக்கிள் ஓட்டியிருந்தாலும் தப்ப முடியாது. ஒத்திகை பார்த்த யூத மூப்பர் குழுவே (நாஜிகளுக்குக் கீழே முகாமை நிர்வகித்த யூதர்கள்) பயந்துபோய்த் தடைபோட்டது. ஷ்வெங்க் 1945இல் இறந்தார். கைப்பிரதி தொலைந்துபோனது, கூட நடித்த யானா ஷெதோவா 1961இல் நினைவிலிருந்து மறுபடி எழுதினார்.

இதை எங்கள் நாடகக் குழுவில் வாசித்துப் பார்க்க வேண்டும். சிரிப்பு எந்த இடத்தில் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தால் போதும்.