கடைசி ஊசி எத்தனை மணிக்கு?

மார்ஃபின் கொடுத்த எலியின் மூளையில் புரதத்தை அளக்க உட்காரும்போது, குறிப்பேட்டில் முதலில் தேட வேண்டியது கடைசி ஊசி போட்ட நேரத்தைத்தான். அது எழுதப்படாத மாதிரியை என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது.

மார்ஃபின் வகை மருந்துகள் ஒட்டும் நரம்புசெல் புரதம் மியூ ஏற்பி. அதில் மருந்து ஒட்டிய சில நிமிடங்களில், ஏற்பியின் வால்பகுதியில் 375ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிவிடும். மார்ஃபின் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஃபென்டனில் என்ற அதே வகை மருந்து 370, 376, 379ஆம் இடங்களிலும் ஏற்றும். மருந்து விலகியதும் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். எலி இறந்த பிறகும் அந்த நொதிகள் ஓய்வதில்லை. எனவே நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற மூளைப்பகுதியைப் பிரித்துத் திரவ நைட்ரஜனில் போடும் வேலை இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும்; எல்லா எலிக்கும் ஒரே நேரம்தான் ஆக வேண்டும். ஒரு குழுவுக்குக் கை தாமதித்தால், அந்தத் தாமதமே மருந்தின் விளைவுபோல் தெரியும்.

அந்த நொதிகளைத் தடுக்க, திசுவைக் கரைக்கும் பஃபரில் 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட்டும் சேர்க்கிறோம். வனடேட்டைப் பிஹெச் 10இல் கொதிக்கவைத்து நிறம் போக்கியிருக்க வேண்டும். மஞ்சள் மிச்சமிருந்தால் பலன் குறைவு.

பழக்கதோஷத்தில் மாதிரியை 95 டிகிரியில் கொதிக்கவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சவ்வுக்குள் புதைந்த ஏற்பி கட்டிதட்டி, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் உச்சியிலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். பிரிந்த புரதங்களைத் தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் பிளாட்டில் பால்பவுடரையும் தவிர்க்கிறோம்: பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். ஏற்பியில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குவதால் பட்டை அகன்று, கலங்கலாக வரும். கூர்மையான ஒற்றைப் பட்டை வந்தால் மகிழ வேண்டாம், ஆன்டிபாடியைச் சந்தேகிக்க வேண்டும். ஏற்பி மரபணு நீக்கிய சுண்டெலியின் மூளைக்கும் ஜெல்லில் ஒரு தடம் ஒதுக்கினால்தான் அந்தச் சந்தேகம் தீரும்.

நாள்பட்ட மருந்தில் கதை வேறு. மரபணுக்களின் இயக்கத்தை மாற்றும் ஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெல்டா ஃபாஸ்பி என்ற புரதம் மெல்லச் சேர்ந்து வாரக்கணக்கில் நிற்கும். இதற்கு, முழுநீள ஃபாஸ்பி புரதத்தின் கடைசி முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி உதவாது. அந்த முனையின் 101 அமினோ அமிலங்கள் இதில் இல்லவே இல்லை. பிடித்து ஊசி போடும் பதற்றமே ஃபாஸ் குடும்பத்தை உயர்த்தக்கூடும் என்பதால், மருந்துக்குப் பதில் உப்புநீர் பெறும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில் ஊசி போட வேண்டும்.

மாலையில் கடைசி ஊசி, மறுநாள் காலையில் திசு என்றால், மருந்து அதற்குள் வடிந்திருக்கும். லோகஸ் செருலியஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதியில் உயர்ந்து தெரியும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி அப்போது மார்ஃபினின் நேரடி வேலையாக இருக்காது. மருந்து விட்டுப்போன தவிப்பைத்தான் அளந்திருப்போம்.