பகுதியில் என்ன இருக்கிறது?

பொறியியல் பீடத்தில் எங்களுக்கு நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் கற்பித்த ஆசிரியர், சரியான விடைக்கும் உடனே சரி போடமாட்டார். பின்னத்தின் கோட்டுக்குக் கீழே விரலை வைத்து, "பகுதியில் என்ன இருக்கிறது? முதலில் அதைச் சொல்லும்" என்று கேட்பார். இந்தச் சிறப்பு மலருக்கு எழுத அமர்ந்தபோது முதலில் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான்.

நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்ட, 1654 இல் கணிதவியலாளர்கள் பஸ்காலும் பேர்மாவும் பந்தயப் பணத்தைப் பங்கிடுவது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அவர் ஒரு கணக்கைத் தந்தார். 10,000 உதிரிப்பாகங்களில் 100 பழுதானவை. சோதனைக் கருவி பழுதானவற்றில் 95 வீதத்தைக் கண்டுபிடிக்கும். நல்லவற்றில் 5 வீதத்தையும் பழுதென்று காட்டும். கருவி பழுதென்று காட்டிய ஒன்று உண்மையிலேயே பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? வகுப்பு முழுவதும் 0.95 என்று எழுதியது. பழுதானவற்றில் அகப்படுபவை 95, நல்லவற்றில் வீணாகப் பிடிபடுபவை 495, ஆகவே பகுதியில் வரவேண்டியது 590 என்று அவர் கரும்பலகையில் எழுதியபோது, விடை 16 வீதமாகச் சுருங்கியது.

ஆனால் என்னை உலுக்கியது சலஞ்சர் விண்ணோடம் பற்றிய பாடமே. 1986 ஜனவரி 28 இல் எழுவரைப் பலிகொண்ட அந்த ஏவலுக்கு முதல்நாள் இரவு, உந்துகணையின் இணைப்புகளை அடைக்கும் இறப்பர் வளையங்களைக் குளிர் பாதிக்குமா என்று ஆராய்ந்தவர்கள், வளையங்கள் சேதமுற்ற பறப்புகளை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள்; அவற்றில் ஒழுங்கான தொடர்பு எதுவும் தென்படவில்லை. சேதமற்ற பறப்புகளையும் சேர்த்துப் பார்த்த விசாரணை ஆணைக்குழு, 66 பாகை பாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 பறப்புகளில் 3 இல் மட்டுமே சேதம் ஏற்பட்டதையும், 63 பாகையிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பறப்புகளிலும் சேதம் ஏற்பட்டதையும் சுட்டிக்காட்டியது. பழுதடையாதவற்றை எண்ணாமல் விட்டதால் பகுதியே இல்லாத எண்களை வைத்து அன்றிரவு முடிவெடுத்தார்கள் என்று சொன்ன ஆசிரியர், சற்றுநேரம் பேசாமல் நின்றார். நிகழ்தகவுப் பரம்பல்களின் சூத்திரங்களை நூலில் பார்த்துக்கொள்ளலாம். பகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இந்தப் பழக்கத்தை ஓர் ஆசிரியரிடமிருந்துதான் பெறமுடியும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், ஒருவகை வால்வில் 12 உம் இன்னொரு வகையில் 5 உம் பழுதானதால் முதல்வகையைக் கைவிடலாம் என்ற அறிக்கை என்னிடம் வந்தது. பொருத்தப்பட்டவை எத்தனை என்று தேடினேன்: முதல்வகை 400, இரண்டாவது 60. அதாவது 3 வீதமும் 8 வீதத்துக்குச் சற்று மேலும். மகிழ்ச்சியோடு ஆசிரியருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பதிலில் இரண்டே வரிகள் இருந்தன: "நன்று. அந்த 400 உம் 60 உம் ஒரேயளவு காலம் இயங்கியவையா?" இயங்கிய மணித்தியாலங்களை நான் பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலை பதிவேடுகளை எடுத்து முதலிலிருந்து கணக்கிடத் தொடங்கினேன்.