வெள்ளையாகப் படிந்த தண்ணீர்

எங்கள் பகுதி ஆற்றில் முதன்முறை இறங்கியபோது, குப்பையை அள்ளிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தோம். நாள் முழுக்க மூட்டை மூட்டையாக அள்ளினோம், ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையிலேயே போட்டோம். அடுத்த மழைக்கு அது அப்படியே ஆற்றுக்குள் போய், ஒடிந்த துண்டுகளிலிருந்தும் துளிர்த்துவிட்டது. அதைக் கரையைவிட்டுத் தள்ளி மேட்டில் குவித்து மட்க விட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் அதற்குத் தீனி போடுவது கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். அந்த வரத்து நிற்காதவரை எத்தனை முறை இழுத்தாலும் திரும்ப வரும்.

எங்களோடு இருந்த வேதியியல் ஆசிரியை ஒருவர், "முதல்ல தண்ணியப் பார்ப்போம்" என்றார். ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு மூன்று இடங்கள்: வடிகால் வந்து சேரும் இடத்துக்கு மேலே, சேருமிடம், அதற்குக் கீழே. நேரம் மாறக்கூடாது. பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுவதால் மதியம் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

குமிழி ஒன்றுகூட இல்லாமல் புட்டியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டு மூடிக் குலுக்கவேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். மேலே எடுத்த புட்டி நல்ல பழுப்பு. கீழே எடுத்தது பால் மாதிரி வெள்ளை. அன்று யாரும் பேசவில்லை. பெரும்பாலான மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும், அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். (சோதித்த கரைசலை ஆற்றில் கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து, ஆசிரியையிடம் கொடுத்துவிடுவோம்.)

"ஆறு நாறுகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று அதிகாரிகளிடம் முன்பு கொடுத்த மனுவுக்குப் பதிலே வரவில்லை. இந்த முறை நான்கு மாத அட்டவணை, தேதியிட்ட படங்கள், கையால் வரைந்த வரைபடம், ஒரே ஒரு கோரிக்கை: இந்த வடிகாலைச் சோதியுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பவில்லை. எங்கள் அளவீட்டை அவர்கள் ஆதாரமாக ஏற்கவில்லை, ஆனால் அவர்களே வந்து மாதிரி எடுத்துப்போனார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மழைநீர் வடிகாலில் ஒரு தெருவின் கழிவுநீர்க் குழாய்கள் சேர்ந்திருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. குற்றம் சொல்லாமல் அவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்து இரண்டு புட்டிகளையும் காட்டினோம். இணைப்பை மாற்றச் சொல்லிக் கையெழுத்திட்ட அடுத்த மனுவில் முதல் பெயர்கள் அவர்களுடையவை.

வேலை முடிய ஏழு மாதம் ஆனது. போன ஞாயிறு கீழே எடுத்த புட்டியில் வெளிர் பழுப்பு தெரிந்தது. வளைவுக்கு அப்பால் இன்னொரு வடிகால் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து நான்காவது புட்டியும் எடுத்துப்போகிறோம்.