பொதுச் சமையலறை நாட்குறிப்பு

செப்டம்பர் 21

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் தளத்தில் ஆறு பேருக்கு ஒரே சமையலறை. நான்கு அடுப்பு, ஒரு ஓவன், ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, என்னுடையது நடுவில். ஊரிலிருந்து பெட்டியில் வந்தது ஒரு பாத்திரமும் ஒரு கத்தியும். இங்கே வந்து முதலில் வாங்கிய சாமான் தராசு. வாணலியா தராசா என்று கடையில் வெகுநேரம் நின்றேன். எனக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, அதனால் தராசு.

ஒரு வாரச் சாப்பாடு: முட்டை, கடை ரொட்டி, அதன்மேல் தடவ வேர்க்கடலை வெண்ணெய். மதியம் வளாக உணவகம். அங்கே பலகையில் எழுதியிருப்பதில் பாதி புரியவில்லை. தெரிந்த பெயர் இரண்டுதான், அவற்றையே மாற்றி மாற்றி வாங்குகிறேன். பின்னால் வரிசை நிற்கும்போது "இது என்ன?" என்று கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 25

நேற்று இரவு சோறு ஆக்கி, பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் படித்தபடி தூங்கிப்போனேன். காலையில் அதைச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று எடுத்தபோது, நுண்ணுயிரியல் படிக்கும் அறைத்தோழி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாமாம். கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆக, மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது தவறு. ஆக்கிய சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும் என்றாள். சோற்றைக் கொட்டும்போது மனசு கேட்கவில்லை. கொட்டினேன்.

அக்டோபர் 5

ஞாயிற்றுக்கிழமை, கையில் நேரம் இருந்தது. நான்கு வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி, நிதானமாக வதக்கிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். குறிப்பில் 10 நிமிடம் என்று போட்டிருந்தது. 10 நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆனது, அவ்வளவுதான். தேன் நிறம் வர 40 நிமிடம் பிடித்தது.

காரணம் இப்போது தெரிகிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து இப்படிப் பழுப்பாவதை 1912-ல் விவரித்தவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

அம்மாவைப் போனில் கூப்பிட்டு, எத்தனை நிமிடம் வதக்குவாய் என்று கேட்டேன். "நிமிஷமா? சத்தம் மாறும் பாரு, அப்போ தெரியும்" என்றாள். நிஜம்தான். தண்ணீர் இருக்கும்வரை சொரசொரவென்று கொதிக்கும் சத்தம், அது போனதும் மெல்லிய பொரியும் சத்தம். இத்தனை வருடம் அதே வீட்டில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

மாலையில் படிக்க வந்த வகுப்புத் தோழிக்கு அந்த வெங்காயத்தையும் முட்டையையும் தட்டில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அக்டோபர் 12

முதல் ரொட்டி. 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 7 கிராம் ஈஸ்ட். எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போட்டேன். 220 டிகிரியில் 35 நிமிடம் என்றது குறிப்பு. 25 நிமிடத்திலேயே மேலே கருகும் வாசனை. எடுத்து அறுத்தால் நடுவில் கத்தியில் ஒட்டும் பச்சை மாவு.

அக்டோபர் 13

தப்பு என் கையிலா ஓவனிலா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. ஓவன் வெப்பமானி என்னிடம் இல்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உருகுவது ஏறக்குறைய 186 டிகிரியில்.

அலுமினியத் தாளைச் சின்னக் கிண்ணமாக மடித்து, ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன். குமிழை 175-ல் வைத்து அரை மணி நேரம் ஓவனைச் சூடேற்றியபின் கிண்ணத்தை உள்ளே தள்ளி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். 175 என்பது உண்மையானால் 15 நிமிடத்தில் சர்க்கரை அப்படியே இருக்க வேண்டும். எட்டாவது நிமிடம் ஓரத்துப் பருக்கைகள் ஈரமானதுபோல் மினுங்கின. அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டின. 12 நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் தெளிந்த பாகு.

165-ல் வைத்து, புதுச் சர்க்கரையோடு மறுபடியும். இந்த முறை 15 நிமிடத்திலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படியென்றால் உண்மையான 186 இந்தக் குமிழில் 165-க்கும் 175-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இந்த ஓவன் 11 முதல் 21 டிகிரி வரை கூடுதலாகச் சுடுகிறது.

ஒரு காகிதத்தில் "15 டிகிரி குறைத்து வைக்கவும்" என்று எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டினேன். இரவு ஒருவர் வந்து, தன் கேக் எப்போதும் ஏன் வெடிக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

அக்டோபர் 26

வகுப்பில் ஐந்து பேர் வெளியில் சாப்பிடப் போனோம். உட்கார்ந்ததும், மெனுவைத் திறக்கும் முன்பே, அன்று படிக்க வந்த தோழி பரிமாறுபவரைக் கூப்பிட்டுத் தனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதைச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டி வந்தார். அவள் கேட்ட வறுவலில் கடலை இல்லை, ஆனால் கடலை சேர்த்த இன்னொன்றும் அதே எண்ணெயில்தான் பொரிகிறது என்றார் அவர். நன்றி சொல்லிவிட்டு, தனிக் கல்லில் வாட்டித் தரக்கூடியது எது என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

அன்று என் வெங்காயத்தை அவள் ஏன் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அந்த வாணலியில் கடலை வறுத்திருக்கிறேன். வேர்க்கடலை வெண்ணெய் எடுத்த கரண்டியைச் சும்மா அலசிவிட்டு எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லாமல், சாப்பிட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பையைத் திறந்து, கடும் ஒவ்வாமை வந்தால் போடும், பேனா போன்ற எபிநெஃப்ரின் ஊசி இரண்டைக் காட்டினாள். தொடையின் வெளிப்பக்கத்தில், அவசரமானால் துணிக்கு மேலேயே குத்தலாம். குத்தியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும், சரியானதுபோல் தெரிந்தாலும். சிலருக்கு இரண்டாவது ஊசியும் தேவைப்படும், அதனால்தான் இரண்டு. எங்கள் ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

அப்புறம் என் முறை வந்தது. மெனுவில் தெரியாத பெயர் ஒன்றில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். பரிமாறுபவர் அவசரப்படவே இல்லை. கத்திரிக்காயை நெருப்பில் தோல் கருகும்வரை சுட்டு, உள்ளிருப்பதை மட்டும் வழித்து, பூண்டும் எலுமிச்சையும் சேர்ப்பது என்று கையால் வழித்தே காட்டினார். புகை வாசமும் புளிப்புமாக வந்தது. ஆறு வாரமாக இதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 2

தேர்வு வாரம். மூன்று நாள் முட்டைதான்.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் எந்த பாக்கெட்டையும் பின்புறம் திருப்பிப் படிக்கிறேன். ராஜ்மா பாக்கெட்டில், ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்லியிருந்தது. நான் அறைத்தோழியின் மெதுவாக வேகும் மின்பானையில் நேராகப் போடுவதாக இருந்தேன். அவளிடம் கேட்டேன். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது, அந்தப் பானை அதை அழிக்கும் அளவுக்குச் சூடாகாமல் போகலாம் என்றாள். முதலில் அடுப்பில் கொதிக்கவிட்டு, பிறகே பானைக்கு மாற்றினேன்.

நவம்பர் 15

குளிர் வந்துவிட்டது, சமையலறை 16 டிகிரி. குறிப்பில் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்கு ஆகும் என்று இருக்கிறது. மூன்று மணி நேரம் ஆகியும் கிண்ணத்தில் இருப்பது உப்பியதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. ஈஸ்ட் உயிருள்ளது, குளிரில் அதன் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதற்கு என் அவசரம் எப்படித் தெரியும்?

ஒரு வழி கண்டுபிடித்தேன். பிசைந்த மாவில் ஒரு சின்ன உருண்டை கிள்ளி, நேரான டம்ளரின் அடியில் அழுத்தி, அதன் உயரத்தில் ஒரு ரப்பர் வளையமும் இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொன்றும் மாட்டினேன். கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். டம்ளர் மாவு மேல் வளையத்தைத் தொட ஐந்து மணி நேரம் ஆனது.

நவம்பர் 22

தோழியிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன்: நான் ரொட்டி சுட்டால் சாப்பிடுவாயா, அதற்கு நான் என்னென்ன செய்ய வேண்டும்? அவள் யோசித்துச் சொன்னாள். புது டின், புதுக் கிண்ணம், புது ஸ்பாஞ்ச். மாவு பாக்கெட்டும் ஈஸ்ட் பாக்கெட்டும் தூக்கிப் போடாமல் வைத்திரு, நான் படிக்க வேண்டும்.

வேர்க்கடலை வெண்ணெயைக் கீழ்த்தளத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மேடையை சோப்புப் போட்டு இரண்டு முறை துடைத்தேன். மற்ற ஐந்து பேரிடமும் இரண்டு நாள் சமையலறையில் கடலை வேண்டாம் என்று கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மாவைப் பிசைந்து, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 23

குமிழ் 205, அதாவது உள்ளே ஏறக்குறைய 220. 38 நிமிடம். கடன் வாங்கிய வெப்பமானியை நடுவில் குத்தினால் 95 டிகிரி.

கம்பித் தட்டில் வைத்ததும் ரொட்டி பேச ஆரம்பித்தது. மேல்தோடு ஆறும்போது சுருங்கி, மெல்லிய விரிசல் விட்டு, படக் படக்கென்று சத்தம். ஆறு பேரும் குனிந்து கேட்டோம். ஒரு மணி நேரம் ஆறாமல் அறுக்கக் கூடாது என்று கத்தியை நானே வைத்துக்கொண்டேன்.

தோழி வந்தாள். முதலில் இரண்டு பாக்கெட்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தாள். டின்னைத் திருப்பிப் பார்த்தாள். கத்தி புதிதா என்று கேட்டாள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ஊரிலிருந்து கொண்டு வந்த அதே கத்தி. மரப்பிடியில் இடுக்கு இருக்கிறது என்றேன். சரி, கையால் பிய்க்கலாம் என்றாள்.

பிய்த்தோம். தோடு நொறுங்கி மேசையெல்லாம் சிதறியது, உள்ளே இன்னும் இளஞ்சூடு. யாரோ வெண்ணெய் எடுக்கப் போனார்கள், அவள் அதற்கும் காத்திருக்கவில்லை. முதல் துண்டை மென்று முடித்துவிட்டு, பேசிக்கொண்டே கையை நீட்டி அடுத்ததைப் பிய்த்தாள்.

நாளை புதுக் கத்தி வாங்க வேண்டும்.