கை படாமல் ஆறட்டும்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

இன்று மாலை மூக்குக் குத்திக்கொண்டேன். வலது பக்கம். நம் ஊர்ப் பக்கம் வலதுதான் வழக்கம், வடக்கே இடது.

நாற்காலியில் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊசி உள்ளே துளையுள்ள ஊசி, ஒருவருக்கு ஒன்றுதான். என் கண் முன்னால் உறையைப் பிரித்தார்கள், வேலை முடிந்ததும் நேராக ஊசி டப்பாவில் போட்டார்கள். பஜாரில் துப்பாக்கி வைத்துக் குத்துகிற கடைகள் நிறைய இருக்கின்றன. அதில் ஊசியே கிடையாது. முனை மழுங்கிய மூக்குத்தியையே ஸ்பிரிங் விசையால் சதைக்குள் அடித்து இறக்கிவிடுகிறார்கள். மூக்கு மடல் அப்படி அடி வாங்குகிற இடம் இல்லை. பிளாஸ்டிக் துப்பாக்கியை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது; ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதோடு சரி.

வலி ஒரு நொடிதான். வலது கண்ணில் மட்டும் பொலபொலவென்று தண்ணீர், பின்னாலேயே ஒரு தும்மல். போட்டிருப்பது டைட்டானியத் தண்டு, வெளியே சிறு வெள்ளைக் கல், உள்ளே தட்டையான வட்டம். தண்டு கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது. வீங்குவதற்கு இடம் விட்டுத்தான் போடுவார்களாம். டெட்டனஸ் ஊசி ஏற்கெனவே போட்டிருக்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக் குத்திக்கொண்டு என்ன தடவலாம் என்று கேட்டு வாரத்துக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் என் மூக்கில் செய்து இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

ஜனவரி 21

காலையும் இரவும் சலைன். அவ்வளவுதான் மருந்து. 0.9 சதவீதம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். நம் ரத்தத்தோடு ஒத்துப்போகிற அளவு என்பதால் எரியாது. பெரிய என்எஸ், அதாவது நார்மல் சலைன் பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதில் கெடாமல் காக்கிற பொருள் எதுவும் கிடையாது, திறந்த பிறகு அது சாதாரணத் தண்ணீர் மாதிரிதான். 5 மில்லி, 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல் வருகிறது. தலையைத் திருகினால் திறந்துகொள்ளும், மிச்சத்தைக் கொட்டிவிடலாம். மூக்கடைப்புக்கு விற்கிற சொட்டு மருந்தும் சலைன்தான் என்று சிலர் அதை வாங்குகிறார்கள். அதன் அளவு 0.65 சதவீதம், கூடவே கெடாமலிருக்க ஒரு ரசாயனமும் இருக்கும். அது வேண்டாம்.

செய்கிற விதம் இது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காஸ் துணியைச் சலைனில் நனைத்து, கல்லின் மேல் அழுத்தாமல் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்கிறேன். ஓரிரு நிமிடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கு ஊறி நெகிழ்ந்து, கல்லைச் சுற்றி வெண்மஞ்சள் வளையமாகத் தளர்ந்து நிற்கும். அப்போது துணியை மெல்ல இழுத்தால் தானாக வந்துவிடும். வராததை விட்டுவிடுகிறேன், இரவு வரட்டும். உள்பக்கத் தட்டுக்கு நனைத்த காதுக்குச்சி, அதுவும் சுற்றி ஒரே ஒரு முறை. பஞ்சு மட்டும் கூடாது, இழை பிரிந்து தண்டில் சுற்றிக்கொள்ளும். கடைசியில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். துண்டு வேண்டாம்.

வீட்டிலேயே கலக்க வேண்டுமென்றால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளருக்கு, சுமார் 240 மில்லிக்கு, அயோடின் சேர்க்காத தூள் உப்பு கால் தேக்கரண்டி. அதற்கு மேல் போட்டால் சீக்கிரம் ஆறாது, தோல்தான் வறண்டு வெடிக்கும். மரக்காணத்துக் கல்லுப்பு நல்லதுதானே என்று ஆயா, என் பாட்டி, கேட்டாள். சாம்பாருக்கு நல்லது. அதில் மண்ணும் இருக்கும், புண்ணுக்கு ஆகாது.

ஜனவரி 26

ஆயா இன்று ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். அடுப்பில் சுட்ட வசம்பு வேறு.

"ஒரு தொட்டு வைக்கிறேன் பாப்பா, எரியாது."

"வேணாம் ஆயா. எண்ணெய் ஓட்டைய அடச்சிக்கும், ஊனத் தண்ணி வெளிய வராது."

"நாங்கள்லாம் வச்சிக்கலியா?"

வைத்துக்கொண்டவள்தான். ஆசாரி வீட்டுக்கே வந்து தங்கக் கம்பியால் குத்தி, வளைத்து முறுக்கிவிட்டுப் போவாராம். புண் பழுத்தால் கம்பியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சி செருகுவார்களாம். கத்தரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் கரப்பான் பண்டம், அரிப்பும் புண்ணும் கிளப்பும் என்று நிறுத்திவிடுவார்களாம். அவளுடைய அக்காவுக்கு மூக்கு பெருத்து, கம்பியைக் கழற்றி, அடுத்த வருஷம் மறுபடி குத்தியதாகவும் சொன்னாள். மஞ்சளில் கிருமியை அடக்கும் குணம் இருக்கலாம். ஆனால் டப்பாவில் இருக்கும் பொடி புண்ணுக்கென்று சுத்தம் செய்ததல்ல, அதன் துகள் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வருவது கஷ்டம்.

ஆயா விவாதத்தை விட்டுவிட்டாள். எழுந்து போகும்போது, "அப்ப கையாவது வைக்காம இரு. அது போதும்" என்றாள். இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைக்கிற எல்லாவற்றுக்கும் தலைமையானது அதுதான். மத்தியானம் நண்டு சாப்பிட்டேன், மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

கடையில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்து, "சீழ் வைக்குது, நியோஸ்போரின் குடுங்க" என்றார். பார்த்தேன். சீழ் இல்லை. வெளுத்த மஞ்சளில் கொஞ்சம் கசிந்து காய்ந்திருக்கிறது, அது நிணநீர், ஆறுகிற புண்ணில் வரத்தான் செய்யும். கெட்டியாக, பச்சையாக, நாற்றத்தோடு வந்தால் அது சீழ். களிம்பைப் பூசினால் காற்று படாது, ஈரம் கட்டும், தூசியும் வந்து ஒட்டும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பெட்டாடின் இவற்றைத் தினம் போட்டால் புதிதாக வளர்கிற தோலும் சேர்ந்தே சாகிறது. களிம்பு விற்காமல் சலைன் விற்று அனுப்பினேன்.

அந்தப் பெண், "தினம் திருகிவிடணும்னு சொன்னாங்களே அக்கா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம். ஓட்டையின் உட்சுவரில் தோல் இப்போதுதான் மெல்லிசாகப் படர்கிறது. திருகும்போதெல்லாம் அது கிழியும், வெளியே காய்ந்த பொருக்கும் உள்ளே போகும். தங்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நம் வீடுகளில் இன்னும் இதைச் செய்கிறார்கள்.

பிப்ரவரி 15

புதுச்சேரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது உள் பஞ்சு கல்லில் மாட்டுகிறது. இப்போது இரண்டு கையாலும் பக்கவாட்டில் விரித்துப் பிடித்துத்தான் கழற்றுகிறேன். தலையணை உறையை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இடது பக்கம் சாய்ந்து படுக்கிறேன். அப்புறம் அண்ணன் மகன். கைக்குழந்தைக்கு மின்னுகிறதெல்லாம் பிடிக்க வேண்டியதுதான். இன்று கல்லைப் பிடித்து ஒரு இழுப்பு. துளி ரத்தம். சலைன் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மார்ச் 3

கல்லுக்கு மேல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கொப்புளம், கடுகளவு. தொட்டால் வலியில்லை, மினுமினுப்பாக ஈரமாக இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் பயந்துபோய் மூக்குத்தியையே கழற்றிவிடுகிறார்கள். எல்லோரும் உடனே சொல்கிற பெயர் கெலாய்ட்.

கெலாய்ட் அப்படி வராது. அது தழும்புச் சதை, புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்வது, பெரும்பாலும் மாதக்கணக்கில் கழித்துத் தலைகாட்டுவது, தானாக வற்றாதது. நம் போன்ற கறுத்த தோலில் அதற்கு வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்பதும் உண்மை, வீட்டில் யாருக்காவது இருந்தால் குத்தும் முன்பே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எனக்கு வந்திருப்பது உறுத்தலால் வருகிற மேடு. ஓட்டையை ஒட்டியே இருக்கும், உறுத்துவது என்னவென்று கண்டு நீக்கினால் வற்றிப்போகும்.

கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். வீக்கம் வற்றிவிட்டதால் தண்டு நீளமாகித் தொளதொளவென்று ஆடுகிறது. ஒவ்வொரு சிரிப்புக்கும் கல் ஒரு பக்கம் சாய்ந்து மேல் ஓரத்தில் உராய்கிறது, மேடு வந்திருப்பதும் சரியாக அங்கேதான். மாலையே குத்திய இடத்துக்குப் போனேன். 8 மில்லிமீட்டர் தண்டை எடுத்து 6.5 மில்லிமீட்டர் போட்டார்கள். டீ ட்ரீ ஆயில், ஆஸ்பிரின் மாத்திரையை நுணுக்கிய விழுது என்று தோழிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டும் தோலைச் சுடுகிற பொருள். உராய்வு நின்றால் போதும்.

மார்ச் 12

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்க இடமில்லை. மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வந்துவிட்டார்கள். அத்தை என்னையும் கடலில் இழுத்தாள். கடல்தண்ணீரும் உப்புத்தானே என்றாள். கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம், சலைனைப் போல நான்கு மடங்கு. கூடவே கிருமிகளும். ஓட்டை ஆறும்வரை கடல், குளம், நீச்சல்குளம் மூன்றுமே கிடையாது. முழங்கால் வரை நனைத்துக்கொண்டு, தண்ணீரை அள்ளித் தலையின் பின்பக்கம் தெளித்துக்கொண்டேன். மேடு பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 6

ரத்த தான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடலில் எங்கே குத்திக்கொண்டாலும், பச்சை குத்தினாலும் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ஊசி வழியே மஞ்சள்காமாலைக் கிருமி வந்திருக்கக்கூடும் என்பதால் அந்த விதி. தவறாமல் கொடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு தேதி குறிக்கலாம்.

மேடு போய்விட்டது.

மே 18

சித்தப்பா மகள் கல்யாணம். அதற்கு ஆயாவின் பேசரி மூக்குத்தியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீடே நினைத்திருந்தது. எட்டுக் கல், கனத்த திருகு, தண்டு முழுக்க மறை, அதாவது திருகு வரி. எனக்கும் ஆசைதான், ராத்திரி எடுத்துக் கண்ணாடி முன் வைத்துப் பார்த்தேன். ஆனால் மூக்கு மடல் உள்ளே முழுசாக ஆற 4 முதல் 6 மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. வெளித்தோல் முதலில் ஆறிவிடுவதால் முடிந்துவிட்ட மாதிரித் தெரியும். மறையை அந்தச் சதை வழியே திருகி ஏற்றினால் உட்தோல் அரம் வைத்து அராவியது போலாகிவிடும்.

பெரியம்மா மூக்கைப் பார்த்து முகம் சுளித்தாள். ஆயாதான் குறுக்கே வந்தாள். "நகை எங்க போவப்போவுது? ஆறட்டும் வுடு."

ஜூன் 14

விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி சாயங்காலம் கடைக்கு வந்தாள். துப்பாக்கியில் குத்தி, சில வாரத்தில் பேன்சி வளையம் மாட்டியிருக்கிறாள். மூக்கு பளபளவென்று சிவந்து, சிவப்பு கன்னத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. சூடு, விண்விண்ணென்ற வலி, நேற்றிரவிலிருந்து காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் கேட்டாள், வளையத்தை இங்கேயே கழற்றித் தரச் சொன்னாள்.

இரண்டையும் மறுத்தேன். வளையத்தைக் கழற்றினால் வெளிவாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். கழற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். மாத்திரையும் அப்படித்தான். மூக்கில் பொதுவாக இருப்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. குருத்தெலும்பு வரை போனால் சூடோமோனாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, எல்லோரும் கேட்டு வாங்குகிற அமாக்சிசிலின் அதைத் தொடாது. முக்கியமாக, அழுத்திப் பிதுக்கவே கூடாது என்றேன். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் மூளைக்கு அடியில் இருக்கும் பெரிய சிரையோடு தொடர்புடையவை, அரிதாக என்றாலும் கிருமி அந்த வழியே போகும். அவள் தோழியை வரவழைத்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். பயமுறுத்திவிட்டேனோ என்று மனசு கேட்கவில்லை. ஆனால் காய்ச்சல் வந்த பிறகு மெல்லச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஜூன் 23

அந்தப் பெண் வந்தாள். சிவப்பு இறங்கிவிட்டது. இன்னும் மாத்திரை பாக்கி இருக்கிறது, முடிக்கிற வரை நிறுத்தாதே என்றேன்.

ஜூலை 20

பேசரியை ஆசாரியிடம் கொடுத்துத் தண்டை மட்டும் மாற்றிக்கொண்டேன். 22 கேரட்டிலேயே செய்யலாம் என்றார். அது மெத்தென்றது, சீக்கிரம் கீறல் விழும், கீறலில் அழுக்குச் சேரும். 18 கேரட் கேட்டேன், கலவையில் நிக்கல் வேண்டாம் என்றும் சொன்னேன். சதைக்குள் இருக்கும் பாகம் வழவழவென்று, மறை நுனியில் மட்டும். லென்ஸை வைத்துக் காட்டினார், ஒரு கோடு கூட இல்லை.

இன்று காலை மாட்டியாகிவிட்டது. குத்திய இடத்திலேயே மாட்டச் சொன்னேன், ஏனென்றால் இந்த வயதுள்ள ஓட்டை வெறுமையாக இருந்தால் சீக்கிரமே சுருங்க ஆரம்பித்துவிடும். திருகை விரலால் நிற்கிற அளவுக்குத்தான் இறுக்கியிருக்கிறது. சலைன் இன்னும் சில நாள் தொடரும். பழைய டைட்டானியத் தண்டைக் கழுவி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சிவந்தாலோ கனம் இழுத்தாலோ பேசரியைக் கழற்றிவிட்டு அதையே போட்டுக்கொள்வேன்.

ஆயா இரண்டு தடவை கிட்ட வந்து பார்த்தாள். தொடவில்லை.